மிட்டாய்ப் பாப்பா சொன்ன ஒன்பதாவது வாக்கியம்

எனக்குப் பின்னால், கூட்டத்துக்குள்ளிருந்து, என் குரல் "அம்மா, பசிக்குது" என்றது.

நான் வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, வாய் நிறைய மாம்பழம்.

கொரோனா அடங்கி எங்கள் காரைக்கால் மாங்கனித் திருவிழா மறுபடியும் பழைய கூட்டத்தோடு நடந்த வருடம் அது. மாடிகளிலிருந்து இறைத்த மாம்பழத்தில் ஒன்றை என் வீட்டுக்காரர் எகிறிப் பிடித்துக் கொடுத்திருந்தார். அமலதாஸ் மின்துறையில் லைன்மேன். கம்பத்தில் ஏறி இறங்குகிற கை, பழத்தை விடாது.

திரும்பிப் பார்த்தேன். தார்பாய் போட்ட கடை. முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்து, அதில் வரிசையாகப் பொம்மைகள். ரோஸ் கவுன், சுருட்டை முடி, வயிற்றில் ஒரு பொத்தான், பெட்டியில் 'மிட்டாய்ப் பாப்பா' என்று பெயர். நாலைந்து பிள்ளைகள் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு பொம்மைக்குப் பசித்தது. இன்னொன்று தன்னைத் தூக்கச் சொன்னது. மூன்றாவது சிரித்தது. எல்லாம் நான்தான்.

அமலதாஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்னை வச்சே இருபத்தஞ்சு வருஷமா சமாளிக்கிறேன். முப்பதெல்லாம் நம்மால ஆவாது, வா போவலாம்" என்றார்.

எனக்குப் போக மனமில்லை. கடைக்காரரிடம் அந்தக் குரல் என்னுடையது என்றேன். வியாபாரத்தைக் கெடுக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார். நான் மாங்கொட்டையை எறிந்துவிட்டு, தொண்டையை மெல்லியதாக்கி, "என்னைத் தூக்கேன்" என்றேன். பிள்ளைகள் பொம்மையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பேசினேன். எத்தனை பொம்மை போயிற்றென்று தெரியாது. பலகையில் பாதி காலியாயிற்று. அப்படிப் போனவற்றில் ஒன்று பக்கத்துக் கிராமமான குரும்பகரத்துக்குப் போனது.

உடம்பு ஒன்று, வாய் பல

என் குரல் பொம்மைக்குள் போன கதையைச் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் விளம்பர ஆட்டோ போகும்போது கேட்கிற பெண் குரல் பெரும்பாலும் என்னுடையது. துணிக்கடைத் திறப்பு விழா, கண் பரிசோதனை முகாம், தண்ணீர் வராத நாள் எல்லாம் நான்தான் சொல்வேன். திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளுக்கு மைக்கில் அறிவிப்பும் செய்வேன். அழுகிற பிள்ளையிடம் பெயர் கேட்டால் சொல்லாது. நாமும் பிள்ளைக் குரலில் கேட்டால் சொல்லிவிடும். அப்படித்தான் அந்தக் குரல் எனக்கு வாய்த்தது.

மைக்கில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கோபிநாத் என்ற இளைஞர் என்னைத் தேடி வந்தார். சென்னையில் ஒரு பொம்மைக் கம்பெனியின் விற்பனை ஆள். மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் சிரிப்பு.

பஷீர் பாயின் ஒலிப்பதிவு அறை ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருக்கிறது. சுவரெல்லாம் மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். நாகூர் பஸ் ஹாரன் அடிக்கிற இடைவெளியில் ஒவ்வொரு வாக்கியமாகப் பதிவு செய்தோம். இடைவெளிகளில் கோபிநாத் தன் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது கதை கேட்பது போல இருந்தது.

பொம்மையின் உடம்பு கண்டெய்னரில் வருமாம். அதே உடம்பு குண்டூரில் தெலுங்கு பேசும், நாக்பூரில் இந்தி பேசும். வயிற்றுக்குள் இருக்கிற, குரல் பதிந்த சில்லு மட்டும் மாறும். அட்டைப்பெட்டியில் பெயர் மாறும். ஒரே அச்சில் வார்த்த பொம்மையை நாலு கம்பெனிகள் நாலு பெயரில் விற்கும். கடையில் அடுத்தடுத்து வைத்தால் வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

பெட்டியில் பொத்தானுக்கு நேராக ஓட்டை போடுவது, பலகையை முழங்கால் உயரத்தில் அடிக்கச் சொல்வது எல்லாம் அவர்கள் ஏற்பாடு. பிள்ளை அழுத்திவிட்டால் பொம்மை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. பிறகு அப்பா பிடித்து இழுத்தாலும் வராது.

"பிள்ளையோட அழுகைதான் மேடம் எங்க சேல்ஸ்மேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது" என்றார்.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இன்று அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

எட்டாவது வாக்கியம்

அவர் கொண்டுவந்த தாளில் எட்டு வாக்கியங்கள் இருந்தன. எட்டாவது, "நான் உன்னை மிகவும் நேசிக்கிறேன்." எந்தப் பிள்ளை தம்பி இப்படிப் பேசும் என்று கேட்டேன். பஷீர் பாயும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அப்படியானால் நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றார் கோபிநாத்.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு ஊட்டிக்கொண்டே நான் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் உனக்கு." சொன்னேன். கோபிநாத்துக்கு முகமெல்லாம் பல். இதுதான் மேடம் ஹிட் ஆகும் என்றார்.

ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். இந்த எட்டு வாக்கியங்களும் இந்தக் குரலில் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. ஆங்கிலத்தில் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். கையெழுத்துப் போடுகிற இடம் அங்கேதானே இருந்தது.

பிறகு கூரியரில் ஒரு மிட்டாய்ப் பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது. டிவிக்குப் பக்கத்தில், குழந்தை இயேசு சுரூபத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தோம்.

குரும்பகரத்திலிருந்து ஒரு போன்

திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். மதியம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். புது நம்பர். ஒரு பெண், மூச்சு வாங்கப் பேசினாள். பெயர் செல்வி, ஊர் குரும்பகரம், விளம்பர ஆட்டோக்காரரிடம் விசாரித்து பஷீர் பாயிடம் நம்பர் வாங்கினாளாம்.

"பொம்மையில பேசுறது நீங்கதானக்கா?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் உனக்குன்னு நீங்கதானக்கா சொன்னீங்க? எம்பொண்ணு பேட்டரிய முழுங்கிடுச்சுக்கா."

மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

அவள் மகள் இனியாவுக்கு இரண்டரை வயது. பொம்மையின் முதுகு மூடி கழன்றிருக்கிறது. உள்ளே சட்டைப் பொத்தான் போல மூன்று பேட்டரிகள். பிள்ளை ஒன்றைப் பொம்மையின் வாயில் தேய்த்திருக்கிறாள். அது பொம்மைக்கு ஒரு வாய். அடுத்தது தனக்கு ஒரு வாய். சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறாள்.

நல்லவேளை, காலையில் செல்வி கண் முன்னே நடந்தது. வாழைப்பழம் கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்ன எதையும் கேட்காமல், வந்த முதல் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். அந்த ஓட்டம்தான் பெரிய விஷயம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். தொண்டையில் நின்றிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே அரித்துப் புண்ணாக்கியிருக்குமாம். படம் எடுத்துப் பார்த்ததில், அது வயிற்றுக்குள் இறங்கியிருந்தது.

கைப்பையில் தேடியவள்

நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

அவள் அடிக்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வயலுக்குப் போன புருஷன் சேற்றுக் காலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். வயிற்றில் இருப்பது தானாகவே வெளியே வந்துவிடும், அதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் பிள்ளை வாயையே திறக்கவில்லை. காலையிலிருந்து எல்லோரும் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, விரல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இனி உலகத்தில் யாருக்கும் வாயைக் காட்டுவதில்லை என்று இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து வைத்திருந்தாள்.

"என்னடி தங்கம்" என்றேன். என்னை அறியாமல் அந்தக் குரல் வந்துவிட்டது.

இனியா எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நேராக என் கைப்பையை இழுத்துத் திறந்து, உள்ளே தலையை விட்டுத் தேடினாள். பொம்மை அதற்குள் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம்.

வாசலில் நின்றிருந்தவன் கூடச் சிரித்துவிட்டான். செல்வி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

நான் ரசம் சாதக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலும் அவள் சாப்பிட மாட்டாள். செல்வியைப் பார்த்தேன். சொல்லுங்கக்கா என்று தலையாட்டினாள். சொன்னேன். ஒரு வாய் நான் சாப்பிட்டேன், ஒரு வாய் அவள் சாப்பிட்டாள். கிண்ணம் காலியானது. அரைக் கிண்ணம் எனக்கும் இறங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன்.

"அக்கா, வந்துடுச்சுக்கா."

யார் வந்தது என்று கேட்டேன்.

"அதான்க்கா... அது."

அமலதாஸ் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு பொம்மைகள்

அன்று சாயங்காலம் செல்வியின் புருஷன் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருக்கிறது என்றான்.

அமலதாஸ் அதையும் டிவி பக்கத்தில் இருந்ததையும் குப்புறப் போட்டார். எங்களுக்கு வந்த பொம்மையின் முதுகு மூடியில் இரண்டு ஸ்க்ரூ. திருப்புளி இல்லாமல் திறக்க முடியாது. குரும்பகரத்துப் பொம்மையின் மூடியில் அதே இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஸ்க்ரூ இல்லை. நகத்தால் தட்டினால் திறந்துகொண்டது.

"நமக்கு அனுப்புனது காட்டுறதுக்கு. கடைக்கு வந்தது விக்கிறதுக்கு" என்றார்.

கோபிநாத்தைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை, மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்பிய பொம்மையில் ஸ்க்ரூ உண்டு. அதைக் காட்டித்தான் அரசின் தர முத்திரை வாங்கினார்கள். பிறகு திருவிழாச் சமயத்தில் ஆர்டர் குவிந்தது. வேலையை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்குக் கொடுத்தார்கள். கொட்டகைக்காரர் அதைப் பிரித்து வீடுகளுக்குக் கொடுத்தார். வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே முடி ஒட்டி, பேட்டரி போட்டு, மூடி மாட்டித் தருகிறார்கள். பொம்மைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஸ்க்ரூ முடுக்குகிற நேரத்தில் இன்னொரு பொம்மையை முடித்துவிடலாம்.

விற்றதைத் திரும்ப வாங்குங்கள் என்றேன். எந்த ஊருக்குப் போயிருக்கிறதென்று கம்பெனிக்கே தெரியாதாம். மூட்டையாக மொத்த வியாபாரிக்குப் போகும்; அங்கிருந்து திருவிழா திருவிழாவாகப் போகும்.

"உங்க வாய்ஸ் மட்டும்தானே மேடம். பேட்டரிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நான் வெளியே ஏதாவது பேசுவதாக இருந்தால் அந்தக் குரலில் அந்த வாக்கியங்களைச் சொல்லக்கூடாது, அவை கம்பெனியுடையவை என்று மரியாதையாக நினைவூட்டவும் செய்தார்.

பாய் கண்டுபிடித்த வழி

மறுநாள் பஷீர் பாயிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"எட்டுதானக்கா அவங்களோடது. ஒம்போதாவது நம்மளோடதுதான?"

அன்றே ஃபேனை நிறுத்தினோம். ஒரே டேக்கில் முடிந்தது. அடுத்த நாள் காலை கோட்டுச்சேரியில் கிளம்பிய விளம்பர ஆட்டோ, காரைக்கால் ஊருக்குள் வந்து, திருமலைராயன்பட்டினம், போலகம் வரை போயிற்று. அதில் மிட்டாய்ப் பாப்பா தன் சொந்தக் குரலில் பேசினாள்:

"நான் மிட்டாய்ப் பாப்பா பேசுறேன். என்னைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்க. மூடியில ஸ்க்ரூ இல்லேன்னா என்னைப் பாப்பா கையில குடுக்காதீங்க. என் வயித்துல இருக்குறது பாப்பா வயித்துக்குள்ள போவக்கூடாது."

ஆட்டோ ஓட்டியவர், தெருவில் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்ததாகச் சொன்னார். பெரியவர்கள் வீட்டுக்குள் போய்ப் பொம்மையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்களாம்.

ஸ்க்ரூ இல்லாத பொம்மையைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எந்தப் பிள்ளை தூக்கிப் போட விடும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், ஆட்டோக்காரரிடம் விலாசம் கேட்டு வந்தவர்களாக எங்கள் வீட்டு முன்னால் வரிசை. அமலதாஸ் ஒரு டப்பா நிறையச் சின்ன ஸ்க்ரூ வாங்கி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வந்த சிறுமி, பொம்மைக்கு ஆபரேஷன் நடப்பதாக நினைத்துக் கட்டுப் போடச் சொன்னாள். அவர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஒரு பிள்ளையும் கட்டு இல்லாமல் வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. ரிமோட் கார், விளக்கு எரிகிற பம்பரம், பாட்டுப் பாடுகிற யானை எல்லாம் வந்தன. பாதிக்கு மேல் மூடிகள் லொடலொட என்று ஆடின. மிட்டாய்ப் பாப்பா மட்டும் செய்த குற்றமில்லை இது.

மூன்றாவது ஞாயிறு, திருவிழாக் கடைக்காரர் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரும் சண்டைக்குத்தான் வந்திருந்தார். நாகூரில் கடை போட்ட இடத்தில் ஜனங்கள் பொம்மையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். பெட்டியைப் பிரிக்காமல் வாங்குகிறவர் அவர். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தார்கள் என்று அவருக்கும் யாரும் சொல்வதில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னொரு திருப்புளி இருக்குங்களா?" என்று கேட்டு அமலதாஸ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் மூட்டை முழுவதும் முடிந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

நீங்கள் யார்?

காரைக்காலில் மூடியை முடுக்கிவிட்டோம். மற்ற ஊர்களில்? இரண்டு பொம்மைகளையும் பையில் போட்டுக்கொண்டு, புகார் எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். பொம்மையை வாங்கியது நானா என்று கேட்டார். இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உறவா? இல்லை. விற்றவரா? அரை மணி நேரம் மட்டும், என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"அப்ப நீங்க யாருன்னு எழுதுறதும்மா?"

"நான்தாங்க அந்தப் பொம்மை."

அவர் பேனாவை வைத்துவிட்டார். பொம்மையின் வயிற்றை அழுத்தினார். அது பேசியது. என்னைப் பார்த்தார். நானும் பேசினேன். பக்கத்து மேசைகளிலிருந்தும் எழுந்து வந்துவிட்டார்கள். செல்வியின் கையெழுத்தையும் வாங்கி வரச் சொல்லி, மனுவை அவரே திருத்தி எழுதிக் கொடுத்தார். பொம்மைகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெட்டியில் இருந்த விலாசத்தில் போய்ப் பார்த்தபோது பூட்டிய கோடவுன்தான் இருந்ததாம். அடுத்த வருடத் திருவிழாவில் அதே உடம்பு, வேறு கவுன், வேறு பெயரோடு வந்தது. மதுரைப் பக்கத்துப் பெண் யாரோ பேசியிருந்தாள், நன்றாகவே பேசியிருந்தாள். பொம்மையைத் திருப்பினேன். இரண்டு ஸ்க்ரூ இருந்தது. என் மனுவாலா, இங்கே ஜனங்கள் பொம்மையைத் திருப்பிப் பார்க்கப் பழகியதாலா தெரியாது. என்னை எந்தப் பொம்மைக் கம்பெனியும் பிறகு கூப்பிடவில்லை.

கோபிநாத்

கோபிநாத் மட்டும் கூப்பிட்டார். இரண்டு வருடம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில். அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாராம். ஏதோ பேசினார், மாங்கனித் திருவிழாவைப் பற்றிக் கேட்டார், அமலதாஸை விசாரித்தார். எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

கடைசியில் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு வயதாகப் போகிறது. பிறந்த நாளுக்கு ஒரு பொம்மை வாங்க வேண்டும்.

"மூணு நாளா கடை கடையா போறேன் மேடம். எதைக் கையில எடுத்தாலும் அது எந்தக் கொட்டகையில ஒட்டுனதுன்னு தெரியுது. வாங்காமலே வந்துடுறேன். நீங்க சொல்லுங்க, எதை வாங்கட்டும்?"

குத்திக் காட்ட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அவர் குரலில் இருந்தது பயம். செல்வி அன்று மதியம் பேசியபோது இருந்த அதே பயம். என்னால் முடியவில்லை.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றும் ஒரு பெரிய கரண்டியும் வாங்குங்கள் தம்பி, விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள் என்றேன். மேடம் விளையாடுகிறீர்கள் என்றார். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. டங், டங், டங் என்று காதைக் கிழிக்கிற சத்தம், நடுநடுவே ஒரு குழந்தையின் கூச்சல். அதற்குள் எங்கேயோ தூரத்திலிருந்து கோபிநாத் கெஞ்சினார்:

"மேடம், இதை எப்படி ஆஃப் பண்றது?"